தின்றால்தான் சாகும்: பி.ரி. மருந்து பற்றி வாசகர் கேள்விகள்

திருகோணமலை மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல, கடைகளில் ‘பி.ரி.’ என்று விற்கப்படும் பற்றீரியா மருந்தைப் பற்றியவை. பசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்பது அந்தப் பற்றீரியாவின் முழுப்பெயர். ஒரே விடயத்தைப் பல ஊர்க்காரர் பல பக்கமாகக் கேட்டிருப்பதால் இந்தமுறைப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

நிலாவெளியில் அரை ஏக்கர் சின்ன வெங்காயம் வைத்திருக்கிறேன். தாளுக்குள் பச்சைப் புழு. கடையில் பி.ரி. தந்தார்கள். நேற்றுப் பின்நேரம் அடித்தேன். இன்று காலை தாளைப் பிளந்து பார்த்தால் புழு உயிரோடு அசைகிறது. கள்ளச் சரக்கைத் தந்துவிட்டார்களா?

அசைகிறதா என்று பார்ப்பதை விடுங்கள். தின்கிறதா என்று பாருங்கள். பி.ரி. தொடுகை நஞ்சு இல்லை. புழுவின் முதுகில் ஊற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தின்ற இலையோடு குடலுக்குள் போனால்தான் வேலை செய்யும். போதிய அளவு தின்ற சிறு புழு சில மணி நேரத்தில் தீனியை நிறுத்திவிடும். ஆனால் சாக 2 முதல் 5 நாள் செல்லும். அதுவரை அது இலையில்தான் இருக்கும், தொட்டால் மெல்ல அசையும், பயிருக்கு மட்டும் சேதம் செய்யாது.

இதைச் சரிபார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஐந்தாறு புழுவை எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மருந்து படாத தாள் இரண்டு துண்டை வைத்து, வாயைத் துணியால் கட்டி இரவு முழுக்க விடுங்கள். சுகமான புழு என்றால் காலையில் போத்தலின் அடியில் ஈரமான பச்சை எச்சம் குறுணி குறுணியாகக் கிடக்கும். மருந்து வேலை செய்த புழு என்றால் தாளின் ஓரம் அப்படியே இருக்கும், எச்சம் இருக்காது. அடுத்த நாட்களில் உடல் தளர்ந்து, நிறம் மங்கி, கடைசியில் கறுத்துத் தொங்கும். நசித்தால் நீராக வடியும்.

போத்தலில் புழு நன்றாகத் தின்கிறது என்றால்தான் பிரச்சினை. வெங்காயத்தில் அதற்குப் பெரும்பாலும் கள்ளச் சரக்கு காரணமாக இராது. ஸ்பொடொப்டெரா எக்சிகுவா என்ற இந்தப் படைப்புழுவின் தாய் அந்து, தாளின் வெளிப்பக்கத்தில் முட்டைகளைக் கூட்டமாக இட்டு வெள்ளைச் செதில்களால் மூடிவிடும். நமது வெக்கைக்கு இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுப் புழு வெளியே கொஞ்சம் சுரண்டிவிட்டு உள்ளீடற்ற தாளுக்குள் நுழைந்துவிடும். பிறகு அது உட்சுவரைத்தான் தின்னும். நீங்கள் அடித்த மருந்து வெளிச்சுவரில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை.

ஆகவே வெங்காயத்தில் மருந்தடிக்கும் நாளை முட்டையைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வரிசைக்குள் நடந்து, வெள்ளைப் பொட்டாகத் தெரியும் முட்டைக் கூட்டங்களைத் தாளோடு கிள்ளி எடுங்கள். பொரிக்கத் தொடங்கிய அன்றே அடியுங்கள். தாளில் மெழுகுப் படலம் இருப்பதால் வெறும் கரைசல் உருண்டு ஓடிவிடும். ஒட்டுத் திரவம் கட்டாயம் சேர்க்க வேண்டும். புழு உட்சுவரைத் தின்றதால் ஏற்கெனவே வெள்ளை யன்னல்போலப் பொட்டு விழுந்த தாள்களுக்குள் இருப்பவற்றைத் தாளோடு நறுக்கி அழிப்பதுதான் வழி.

லேபிளையும் பாருங்கள். பி.ரி.யில் பல உபஇனங்கள் உண்டு. ‘குர்ஸ்ராகி’ என்று இருந்தால் கோவாப் புழு, இலைச்சுருட்டி போன்றவற்றுக்கு நல்லது, படைப்புழு இனங்களுக்குச் சற்று வலு குறைவு. ‘ஐசாவாய்’ என்று இருந்தால் படைப்புழுக்களுக்குக் கூடுதலாக உறைக்கும் வேறு புரதங்கள் அதில் இருக்கின்றன. வெங்காயக்காரர் இரண்டாவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன், உப்புவெளி. ஒரு பற்றீரியாவின் புரதம் புழுவைக் கொல்கிறது, அதே மரக்கறியைத் தின்னும் எங்களுக்கு ஒன்றும் செய்வதில்லை என்கிறார்கள். புரதம் என்றால் எல்லோருக்கும் சமிபாடு அடைய வேண்டியதுதானே?

கேள்வியிலேயே பதிலின் பாதி இருக்கிறது. சமிபாடு நடக்கும் இடம் எப்படிப்பட்டது என்பதில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது.

இந்தப் பற்றீரியாவை முதலில் பிரித்தெடுத்தவர் யப்பானின் ஷிகெதானே இஷிவாதா. பட்டுப்புழுக்கள் திடீரெனச் சாகும் நோயை ஆராய்ந்தபோது 1901இல் கண்டார். 1911இல் ஜேர்மனியின் துரிஞ்ஜியாவில் கோதுமை மாவைத் தின்னும் அந்தின் குடம்பியிலிருந்து ஏர்ன்ஸ்ற் பெர்லினர் மறுபடி கண்டெடுத்து, 1915இல் இன்றைய பெயரை வைத்தார். 1938இல் பிரான்சில் அது விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் கொல்வது பற்றீரியாவுக்குள் இருக்கும் பளிங்குதான் என்பது 1950களில்தான் உறுதியானது.

உணவு தீர்ந்ததும் இந்தப் பற்றீரியம் வித்தியாக மாறும். அந்த நேரத்தில் கலத்துக்குள், வித்திக்குப் பக்கத்தில், ஒரு புரதப் பளிங்கு உருவாகிறது. இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற வடிவம். கலத்தின் உலர்நிறையில் 20 முதல் 30 சதவீதம்வரை இதுவே இருக்கும். இதிலுள்ளவற்றைக் ‘கிரை’ புரதங்கள் என்பார்கள். ஆனால் பளிங்கில் இருப்பது முடிந்த நஞ்சு இல்லை. ஏறத்தாழ 130 கிலோ டால்ட்டன் (புரத மூலக்கூறின் நிறையை அளக்கும் அலகு) நிறையுள்ள முன்வடிவம் மட்டுமே அது.

புழு இலையோடு பளிங்கை விழுங்குகிறது. அந்துப்பூச்சி இனப் புழுக்களின் நடுக்குடல் கடும் காரம். அமில, கார அளவான பிஎச் (7 நடுநிலை, கூடினால் காரம்) பொதுவாக 9க்கு மேல், சில இனங்களில் 10ஐயும் தாண்டும். இலைகளிலுள்ள தனின் புரதங்களோடு ஒட்டிச் சமிபாட்டைக் கெடுக்காமல் இருக்க இந்தக் காரம் புழுவுக்கு உதவுகிறது என்பது பொதுவான கருத்து. புழுவுக்கு வசதியான அந்தக் காரமே அதற்கு வினையாகிறது. சாதாரண நீரில் கரையாத பளிங்கு அங்கே கரைகிறது. கரைந்த முன்வடிவத்தைப் புழுவின் சொந்த நொதியங்கள், திரிப்சின் வகையானவை, இரு முனையிலும் வெட்டுகின்றன. எஞ்சுவது 60 முதல் 65 கிலோ டால்ட்டன் அளவான உறுதியான துண்டு. அதை மேலும் அவற்றால் வெட்ட முடிவதில்லை. இதுதான் செயற்படும் நஞ்சு.

இந்தத் துண்டுக்கு மூன்று பகுதிகள். முதலாவது ஏழு அல்பா சுருள்கள் சேர்ந்த கட்டு. மென்சவ்வைத் துளைப்பது அது. இரண்டாவதும் மூன்றாவதும் குடல் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளை, அதாவது நஞ்சு ஒட்டிக்கொள்ளும் புரதங்களை, தேடிப் பிடிப்பவை. கட்ஹெரின், அமினோபெப்ரிடேஸ் என், அல்கலைன் பொஸ்பற்றேஸ், ஏபிசிசி2 என்ற கடத்திப் புரதம் ஆகியவை அறியப்பட்ட வாங்கிகள். பிடித்தபின் பல துண்டுகள் ஒன்றுசேர்ந்து மென்சவ்வுக்குள் புகுந்து துளையொன்றை உண்டாக்குகின்றன. அயன்கள் கட்டுப்பாடின்றிப் போய்வர, பின்னால் நீரும் உள்ளே வருகிறது. கலம் வீங்கி வெடிக்கிறது. குடற்சுவர் இப்படி அங்கங்கே உடையும்போதே புழு தீனியை நிறுத்துகிறது. குடலின் காரம் உடல் திரவத்துக்குள் கசிகிறது, குடலின் பிஎச் இறங்குகிறது, கூட விழுங்கப்பட்ட வித்திகள் முளைத்து உடலுக்குள் பெருகுகின்றன. பட்டினியும் குருதி நஞ்சாதலும் சேர்ந்து முடிக்கின்றன.

இப்போது உங்கள் இரைப்பைக்கு வாருங்கள். அது கடும் அமிலம். பளிங்கு அங்கே காரத்தில் கரைவதுபோல முறையாகக் கரைந்து செயற்படும் துண்டாக வெட்டப்படுவதில்லை. பெப்சின் அதைச் சாதாரண புரதமாகவே உடைக்கும். ஏதேனும் தப்பிக் குடலுக்குப் போனாலும் பிடித்துக்கொள்ள அந்த வாங்கிகள் நமது குடலில் இல்லை. கரைதல், வெட்டுதல், பிடித்தல், துளைத்தல் என்ற தொடரில் ஒரு படி தவறினாலும் நஞ்சு இல்லை. அந்துப்புழுவுக்கான மருந்து வண்டுக்கும் நுளம்புக்கும் உறைக்காததும் இதனால்தான். நுளம்புக் குடம்பிக்கு வேறு உபஇனம் தேவை. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த ‘இஸ்ரேலென்சிஸ்’ அது. டெங்கு ஒழிப்பில் பேசப்படும் பி.ரி.ஐ. அதுவே.

பரீட்சைக்கு வேண்டுமானால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: இதே பற்றீரியா வித்தியாக மாறுமுன், வளரும் பருவத்திலேயே வெளியே சுரக்கும் இன்னொரு கூட்டம் ‘விப்’ புரதங்கள். விப்3ஏ பளிங்காவதில்லை, பிடிக்கும் வாங்கிகளும் வேறு. கிரை1 புரதங்களுக்குப் பழகிப்போன புழுவையும் அது கொல்லக் காரணம் இந்த வேறுபாடு.

சாம்பல்தீவில் கோவாவும் வெண்டியும் செய்கிறோம். பி.ரி.யைக் கலக்கும் முறையைச் சரியாகச் சொல்லுங்கள். எத்தனை கிராம், எந்த நேரம், எதோடு கலக்கலாம்?

கிராம் கணக்கை லேபிள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உற்பத்தியின் வலுவும் வேறு. ஒரு மில்லிகிராமுக்கு இத்தனை சர்வதேச அலகு என்று அதில் போட்டிருக்கும். 16,000 அலகு உள்ளதையும் 32,000 அலகு உள்ளதையும் ஒரே அளவில் போட்டால் ஒன்று பாதி வலுவாகிவிடும். லேபிள் ஏக்கர் கணக்கில் சொன்னால் உங்கள் கைக்கு ஏக்கருக்கு எத்தனை தாங்கி போகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். 10 மீற்றருக்கு 10 மீற்றர் கயிறு பிடித்து, அந்த 100 சதுர மீற்றரை வெறும் தண்ணீரால் வழமைபோல நனையுங்கள். 4 லீற்றர் முடிந்தது என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 162 லீற்றர், அதாவது 16 லீற்றர் தாங்கி பத்து. லேபிள் ஏக்கருக்கு 200 கிராம் என்று சொன்னால் தாங்கிக்கு 20 கிராம். பயிர் வளர வளர இந்த அளவு மாறும், திரும்ப அளக்க வேண்டும்.

தூளை நேரே தாங்கிக்குள் கொட்டாதீர்கள். கட்டி கட்டியாக அடியில் இருந்துவிடும், முனை அடைக்கும், முதல் வரிசைக்குத் தண்ணீரும் கடைசி வரிசைக்குக் கூழும் போகும். சின்ன வாளியில் ஒரு லீற்றர் தண்ணீரில் தூளைப் போட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, துணியால் வடித்து, பாதி நிரம்பிய தாங்கியில் ஊற்றி, பிறகு நிரப்புங்கள். ஒட்டுத் திரவம் கடைசியில். இது கரைசல் இல்லை, நீரில் மிதக்கும் துணிக்கைகள்தான். பத்து நிமிடம் நின்றால் அடியில் படியும். அடிக்கும்போது இடையிடையே தாங்கியைக் குலுக்குங்கள். கலந்ததை அன்று பின்நேரமே முடித்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் கடலோரக் கிணற்று நீரில் இது முக்கியம். பிஎச் 8ஐத் தாண்டிய நீரில் பளிங்கு புழுவின் குடலுக்குப் போகுமுன் தாங்கிக்குள்ளேயே கரையத் தொடங்கி வலுவிழக்கலாம். பிஎச் தாள் ஒன்றால் பாருங்கள். கூடுதலாக இருந்தால் வினாகிரியோ எலுமிச்சைச் சாறோ சொட்டுச் சொட்டாகச் சேர்த்து 7க்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். அதே காரணத்தால் போடோக் கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சண மருந்து) போன்ற காரமான மருந்துகளோடு ஒரே தாங்கியில் கலக்கவே கூடாது.

வேப்பெண்ணெயோடு கலப்பதைப் பலர் நல்லதென்று நினைக்கிறார்கள். வேம்பு புழுவின் தீனியைக் குறைக்கும். பி.ரி.க்கோ புழு நன்றாகத் தின்ன வேண்டும். இரண்டையும் ஒன்றாக அடித்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்க இடமுண்டு. வெவ்வேறு நாளில் பாவியுங்கள். கடும் பூச்சிநாசினியோடு கலப்பதை இன்னும் வன்மையாக எதிர்க்கிறோம். பி.ரி.யின் பெரிய பெறுமதியே முட்டையைத் தாக்கும் சிறு குளவிகளையும் சிலந்திகளையும் வண்டுகளையும் விட்டுவைப்பதுதான். கலந்தடித்தால் அவை போய்விடும், இரண்டு கிழமையில் புழு முன்னைவிடக் கூடுதலாக வரும்.

நேரம் பின்நேரம், வெயில் தாழ்ந்தபின். சூரியனின் புறஊதாக் கதிர் இந்தப் புரதத்தையும் வித்தியையும் சில நாட்களில் பெருமளவு சிதைத்துவிடும். பின்நேரம் அடித்தால் ஒரு முழு இரவு வெயிலில்லாமல் கிடைக்கும், படைப்புழு இனங்கள் கூடுதலாகத் தின்பதும் இரவில்தான். சிறுபோகத்தில் கச்சான் காற்று விழும்வரை காத்திருங்கள். அந்தக் காற்றில் மருந்து பக்கத்துக் காணிக்குத்தான் போகும். மாரியில் பெருமழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். புழு அதிகம் இலையின் கீழ்ப்பக்கத்தில் தின்பதால் முனையை மேல்நோக்கித் திருப்பிக் கீழிருந்து அடியுங்கள். கோவாவில் உட்குருத்தை மறக்க வேண்டாம். அடித்தபின் விரியும் புதிய இலையில் மருந்து இருக்காது. ஆகவே சிறு புழு தொடர்ந்து தெரிந்தால் 5 முதல் 7 நாளில் இன்னொருமுறை.

எல்லாவற்றிலும் பெரியது புழுவின் வயது. பொரித்து முதல் இரண்டு பருவத்திலுள்ள புழுவுக்குச் சொற்ப அளவு போதும். ஒன்றரை சென்ரிமீற்றரைத் தாண்டிய புழு அதே இலையைத் தின்று, கொஞ்சம் சோர்ந்து, குடற்சுவரைத் திரும்பக் கட்டிக்கொண்டு எழும்பிவிடும். அந்த வயதுப் புழுவைக் கையால் பொறுக்குங்கள்.

தம்பலகாமத்தில் வயல். அறக்கொட்டியானுக்குப் பி.ரி. அடிக்கலாமா?

வேண்டாம், காசு வீண். அறக்கொட்டியான், அதாவது கபிலநிறத் தத்தி, பயிரின் சாற்றை ஊசிபோன்ற வாயால் உறிஞ்சுகிறது. இலையின் மேற்பரப்பிலுள்ள மருந்து அதன் வாய்க்குள் போவதே இல்லை. வெள்ளை ஈ, அழுக்கணவன், பனிப்பூச்சி, சிற்றுண்ணி எல்லாவற்றுக்கும் இதே பதில். தண்டு துளைப்பானும் தண்டுக்குள் போய்விட்டால் எட்டாது. இலைச்சுருட்டிப் புழுவுக்கு உறைக்கும், ஆனால் விதைத்து முதல் 40 நாளில் நெல் இலைச்சேதத்தைத் தானே ஈடுசெய்துவிடும். அந்தக் காலத்தில் எதையும் அடிக்காமல் இருப்பதே வயலுக்கு நல்லது.

கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவுக்கு எத்தனை தரம் பி.ரி. அடித்தும் பலனில்லை. வங்காளதேசத்தில் பி.ரி. கத்தரி என்று ஒன்று இருக்கிறதாமே? — மூதூர் வாசகி

உங்கள் இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான், அம்மா. கத்தரி நுனித்தண்டு, காய் துளைப்பானின் குஞ்சுப் புழு பொரித்த சற்று நேரத்துக்குள் நுனிக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்து, வாசலைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். வெளியே அது தின்பது ஒரு வாயோ இரண்டு வாயோ. அந்த வாய்க்குள் மருந்து போகாவிட்டால் பிறகு எத்தனை தரம் அடித்தும் பலனில்லை.

பி.ரி. கத்தரியில் கிரை1ஏசி புரதத்துக்கான மரபணுவைச் செடிக்குள்ளேயே புகுத்தியிருக்கிறார்கள். தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புரதம் இருப்பதால் நுழைந்த புழு தின்னும் முதல் கவளத்திலேயே அதை விழுங்குகிறது. வெயிலும் மழையும் அதைத் தொடுவதில்லை. வங்காளதேசம் 2013இல் அனுமதி கொடுத்து 2014இல் விவசாயிகளிடம் கொடுத்தது. இந்தியா 2010 பெப்ரவரியில் அதே பயிரை நிறுத்திவைத்தது. நமது நாட்டில் அப்படியான விதை வணிகச் செய்கைக்கு இல்லை. யாராவது ‘பி.ரி. விதை’ என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

உங்களுக்கு இன்று கையிலுள்ள வழி வேறு. வாடித் தொங்கும் நுனிகளைக் கிழமைக்கு ஒருமுறையாவது, முடிந்தால் இரண்டுமுறை, துளைக்கு இரண்டு விரல் கீழே வெட்டி எடுங்கள். வெட்டியதையும் துளைபட்ட காயையும் வரம்பில் போட்டால் புழு அங்கேயே கூடுகட்டி அந்தாகி மறுபடி வரும். தடித்த பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைத்துப் பிறகு புதையுங்கள். பெண் அந்தின் வாசனையால் ஆண் அந்தை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பழைய கத்தரிச் செடிகளைப் பிடுங்காமல் பக்கத்தில் புதுக் கன்று நடாதீர்கள். அயலிலுள்ள எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் இது பலிக்கும். ஒரு வளவு தவறினாலும் அந்து அங்கிருந்து பறந்து வரும்.

கந்தளாய்ப் பக்கம் சோளன் செய்கிறேன். சேனாப் படைப்புழுவுக்கு ஒவ்வொரு கிழமையும் தவறாமல் பி.ரி. அடித்து வருகிறேன். இயற்கை மருந்துதானே, எவ்வளவு அடித்தாலும் புழு பழகாது என்கிறார்கள். சரியா?

சரியில்லை. இந்தப் பேச்சு பரவுவது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. மரக்கறி விவசாயியிடம் இருக்கும் மென்மையான மருந்துகளில் சிறந்த ஒன்றை இப்படியே இழந்துவிடுவோம்.

பழகும். களஞ்சியத் தானியத்தைத் தின்னும் இந்திய மா அந்தில் பி.ரி.க்கு எதிர்ப்புத்திறன் வந்தது 1985இல் பதிவானது. திறந்த வயலில் முதலில் பதிவானது கோவாவின் வைரமுதுகு அந்தில், ஹவாயில், 1990இல். இரண்டுமே மருந்தைத் திரும்பத் திரும்பப் பாவித்த இடங்கள். பி.ரி. பருத்தியிலும் இந்தியாவின் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை1ஏசியைத் தாங்கத் தொடங்கியது. நீங்கள் சொல்லும் அதே சேனாப் புழு பி.ரி. சோளத்திலுள்ள கிரை1எவ் புரதத்தைப் புவேர்ட்டோ ரிக்கோவில் வென்றுவிட்டது. காரணம் மேலே மாணவருக்குச் சொன்ன வாங்கிகளில் இருக்கிறது. கட்ஹெரினிலோ ஏபிசிசி2விலோ சின்ன மாற்றமுள்ள ஒரு புழுவில் நஞ்சு பிடிக்க இடமில்லை. கிழமைதோறும் மற்றவற்றைக் கொன்றால் அந்த ஒன்றின் பரம்பரைதான் மிஞ்சும்.

சேனாப் புழு 2018இல்தான் இலங்கையில் கண்டறியப்பட்டது. தலையில் தலைகீழான ‘வை’ எழுத்து வடிவ வெளிறிய கோடும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அதுதான். சிறு புழு இலையின் ஒரு தோலை மட்டும் சுரண்டிக் கண்ணாடிபோன்ற பொட்டு விழுத்தும். அடிக்க வேண்டியது அந்தப் பொட்டுத் தெரியும்போது, குருத்துக்குள் விழும்படி, முனையை நேரே கீழ்நோக்கிப் பிடித்து. குருத்தில் மரத்தூள்போன்ற எச்சம் நிறையத் தெரிந்தால் புழு பெருத்துவிட்டது, எச்சத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும், பி.ரி. அதை எட்டாது. இதற்கும் ஐசாவாய்தான் பொருத்தம்.

நாட்காட்டியைப் பார்த்து அடிப்பதை இன்றே நிறுத்துங்கள். ‘டபிள்யூ’ வடிவத்தில் நடந்து ஐந்து இடங்களில் இருபது கன்றாகப் பார்த்து, எத்தனை கன்றில் புதிய பொட்டு என்று எண்ணுங்கள். அடிக்க வேண்டுமா என்பதை அந்த எண்ணிக்கையோடு உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு முடிவெடுங்கள். நமது வெக்கையில் இந்தப் புழுவின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு தலைமுறைக்குப் பி.ரி. அடித்தால் அடுத்த தலைமுறைக்கு வேறு வகையில் செயற்படும், பதிவுபெற்ற மருந்தொன்றுக்கு மாறுங்கள். அளவைக் குறைத்து அடிப்பதும் தவறு. பாதி எதிர்ப்புள்ள புழு அதில்தான் தப்பிப் பெருகும்.

ஒரு பைக்கற் பி.ரி.யை இளநீரிலும் சர்க்கரையிலும் ஊறவைத்துப் பெருக்கினால் பல மடங்காகும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். செய்யலாமா? — குச்சவெளி

பற்றீரியா இளநீரில் வளரும் என்பது உண்மை. நுளம்புக்கான பி.ரி.ஐ.யைப் பெருவில் தேங்காய்க்குள்ளேயே வளர்த்துக் குளங்களில் விட்டிருக்கிறார்கள். ஆனால் மரக்கறியில் அடிப்பதற்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். திறந்த வாளியில் வளர்வது பி.ரி. மட்டுமல்ல. வயிற்றோட்டம் உண்டாக்கும் பசிலஸ் சீரியஸ் இதற்கு நெருங்கிய உறவு, அதே இளநீரில் அதுவும் செழிக்கும், கண்ணால் பிரித்தறிய முடியாது. அடுத்தது, கிரை புரதத்தின் மரபணு பற்றீரியாவின் பிரதான நிறமூர்த்தத்தில் இல்லாமல் பெரும்பாலும் பிளாஸ்மிட்டுகள் எனப்படும் தனியான சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பெருக்கும்போது பிளாஸ்மிட் தொலையலாம். வாளி கலங்கி வாசமெடுக்கும், பற்றீரியா இருக்கும், பளிங்கு இருக்காது. வித்தியாகும் கட்டத்துக்கு வருமுன் எடுத்தாலும் அப்படித்தான். அதை அடித்துவிட்டுப் புழு சாகவில்லை என்று கவலைப்படுவீர்கள்.

அடிப்பவருக்கும் தேனீக்கும் ஆபத்து உண்டா? — கிண்ணியா

வயிற்றுக்குள் போனால் ஆபத்துக் குறைவு என்று மேலே விளக்கினோம். ஆனால் தூளைக் கலக்கும்போது சுவாசித்தாலும் கண்ணில் பட்டாலும் உறுத்தும், சிலருக்கு ஒவ்வாமை வரும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். தேனீக்களுக்குப் பொதுவாகப் பெரிய தீங்கில்லை என்றாலும் சில உற்பத்திகளின் லேபிளில் தேனீ எச்சரிக்கை இருக்கும். பின்நேரம் அடித்தால் அவை கூட்டுக்குத் திரும்பியிருக்கும். பட்டுப்புழு வளர்க்கும் இடத்துக்குக் கிட்ட அடிக்கவே கூடாது. அறுவடைக்கு முன் விட வேண்டிய நாளை லேபிளில் பார்த்து விடுங்கள், மரக்கறியைக் கழுவியே சமையுங்கள்.

போன பெரும்போகத்தில் வாங்கிய பைக்கற் பாதி மிச்சம், தகரக் கொட்டிலில் இருக்கிறது. இன்னும் வேலை செய்யுமா? — திரியாய்

தகரக் கொட்டில் என்பதால் சந்தேகம்தான். வெக்கையும் ஈரமும் இதற்கு எதிரி. வாய் இறுகக் கட்டி, உலர்ந்த, வெயில் படாத, வீட்டில் ஆகக் குளிர்ந்த மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்திருக்க வேண்டும். கட்டிபிடித்து, நிறம் மாறி, புளித்த வாசம் வந்திருந்தால் எறியுங்கள். காலாவதித் திகதி கடந்திருந்தாலும் அப்படியே.

திகதி இருக்கிறது, தூளும் நன்றாகத் தெரிகிறது என்றால் தோட்டம் முழுக்க அடிக்குமுன் சோதியுங்கள். லேபிள் சொல்லும் செறிவில் ஒரு கோப்பை கலக்குங்கள். மருந்து படாத கோவா இலையை நான்கு துண்டாக்கி, இரண்டை அந்தக் கலவையிலும் இரண்டை வெறும் தண்ணீரிலும் பத்து விநாடி தோய்த்து, நிழலில் காயவிட்டு, தனித்தனிப் போத்தலில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் அரைச் சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பத்துப் புழுவைத் தூரிகையால் எடுத்து விடுங்கள், கையால் நசியும். 24 மணி நேரத்தில் இலை எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 72 மணி நேரத்தில் செத்தவற்றை எண்ணுங்கள். மருந்து இலையில் தீனி நின்று, பெரும்பாலானவை செத்திருந்தால் பைக்கற் நல்லது. வெறும் தண்ணீரில் தோய்த்த போத்தலிலும் மூன்று நான்கு புழு செத்திருந்தால் அந்தச் சோதனையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். புது இலையும் புதுப் புழுவும் எடுத்து, போத்தலைச் சவர்க்காரமில்லாமல் சுடுநீரால் கழுவி மறுபடி வையுங்கள்.